பழைய மினி காரில் பைக் இன்ஜின் பொருத்தலாமா? – நேயரின் சந்தேகத்திற்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "என்னிடம் 1960-களின் மினி கார் ஒன்று இருக்கிறது. அதன் 848 சிசி இன்ஜின் பழுதாகிவிட்டது. அதற்குப் பதிலாக ஓர் ஆயிரம் சிசி பைக் இன்ஜினை வைக்க விரும்புகிறேன். மவுண்டிங் பிராக்கெட் செய்து வெல்டு வைத்தால் போதும், வேறு வேலை இல்லை என்று என் மெக்கானிக் சொல்கிறார். அது சரியா? சுசுகி ஹயபூசா பைக்கின் இன்ஜின் இன்னும் நன்றாக இருக்குமா?"

இன்ஜின் உள்ளே உட்கார்ந்துவிடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1959-இல் அலெக் இசிகோனிஸ் அந்தக் காரை வடிவமைத்தபோதே இன்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்தார். பைக் இன்ஜினும் குறுக்குவாட்டில் உட்காரும் இன்ஜின்தான், எடையோ கியர்பாக்ஸோடு சேர்த்தும் பழைய இன்ஜினில் பாதிகூட வராது. ஆனால் பிராக்கெட்டோடு வேலை முடிந்துவிடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த இன்ஜின் பைக்கில் இருந்தவரை, அதற்காகப் பைக்கும் ஓட்டுபவரும் சத்தமில்லாமல் சில வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். இன்ஜினைக் கழற்றிக் காரில் வைக்கும்போது அந்த வேலைகளை இனி யார் செய்வது என்பதற்கு ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்தாக வேண்டும்.

இவற்றுள் மிக முக்கியமானது ஆயில். பைக் வளைவில் திரும்பும்போது சாய்கிறது. அதனால் சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், இருக்கும் ஆயில் இன்ஜினைப் பொறுத்தவரை அடியிலேயே நிற்கிறது, பம்ப்பின் உறிஞ்சுகுழாய் எப்போதும் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கிறது. கார் உள்பக்கமாகச் சாய்வதில்லை. ஆகவே நீண்ட வளைவு ஒன்றில் வேகமாகத் திரும்பினால், ஒரு தட்டில் தண்ணீரை வைத்துச் சட்டென்று இழுத்தால் எப்படி ஓரத்தில் ஏறுமோ அப்படி ஆயில் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிட, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்குகிறது. நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் கிராங்கின் (இன்ஜினின் முதன்மைத் தண்டின்) பேரிங்குகளுக்குச் சில விநாடிகள் ஆயில் வராமல் போனாலே போதும், இன்ஜின் முடிந்துவிடும். ரவுண்டானாவைச் சுற்றும்போது ஆயில் விளக்கு ஒரு கணம் மினுக்கி அணைவதைப் பலர் வயரிங் கோளாறு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது வயரிங் அன்று, பேரிங் தேய்வதற்கான முதல் அறிகுறி. சிலர் ஆயிலை ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அப்போது கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரையும் காற்றும் பேரிங்குக்கு ஒன்றுதான். சரியான வழி, சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து உறிஞ்சுகுழாயைச் சுற்றி ஆயிலைக் கட்டிப்போடுவது. பந்தயப் பாதையில் ஓட்டுவதாக இருந்தால் தனித் தொட்டியிலிருந்து ஆயில் ஊட்டும் டிரை சம்ப் முறைக்கே போய்விடலாம். ஆயில் வாங்கும்போது நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்ஏ தர முத்திரை உள்ள பைக் ஆயிலையே வாங்குங்கள். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருப்பதால், ஆயிலிலேயே நனைந்து வேலை செய்யும் பைக் கிளட்ச் வழுக்கும். வேடிக்கை என்னவென்றால், பழைய மினியிலும் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான், ஆனால் கிளட்ச் மட்டும் உலர்ந்த கிளட்ச்.

அடுத்தது எடை. அந்த 848 சிசி இன்ஜின் கொடுத்தது 34 குதிரைத்திறன்தான். ஆனால் சுமார் 60 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 2,900 சுற்றிலேயே கொடுத்துவிட்டது. 1998-இல் வந்த யமஹா ஆர்1 இன்ஜினுக்கு 150 குதிரைத்திறன், 108 நியூட்டன் மீட்டர். ஆனால் அந்த உச்ச முறுக்குவிசை 8,500 சுற்றில்தான் கிடைக்கிறது. இருநூறு கிலோ பைக்கை நகர்த்தப் பழகிய அந்தக் கிளட்ச், அறுநூறு கிலோ காரை மேட்டில் நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். பைக்கின் முதல் கியரோ மணிக்கு நூறு கிலோமீட்டரை எளிதாகத் தாண்டும் அளவுக்கு நீளமானது. இந்த இடத்தில் மினியின் சிறிய சக்கரம் உங்களுக்குக் கைகொடுக்கிறது. 165/70 அளவுள்ள பத்து அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.52 மீட்டர்; 190/50 அளவுள்ள பதினேழு அங்குலப் பைக் டயருக்கு 1.95 மீட்டர். ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, மாற்றாமலேயே உங்கள் கியர் 22 விழுக்காடு குட்டையாகிவிடுகிறது. அதுவும் போதாது, சக்கரப் பக்க ஸ்ப்ராக்கெட்டை இன்னும் சில பற்கள் பெரிதாக வைத்தால்தான் கிளட்ச் பிளேட் பிழைக்கும். அதற்கு விலையும் உண்டு: பைக்கில் கடைசி கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போகும்போது ஏறத்தாழ 4,000 சுற்றில் ஓடும் இன்ஜின், சக்கர மாற்றத்தால் மட்டுமே 5,000-ஐத் தாண்டிவிடும். அந்தச் சத்தத்தோடு நெடுந்தூரம் போவதை விரும்புவீர்களா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பைக் இன்ஜினை அது பைக்கில் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் பார்க்கும்படி வையுங்கள். செயின் சுழற்சித் திசையை மாற்றாது. ஆகவே இன்ஜினை முன்பின்னாகத் திருப்பி வைத்தால் உங்களுக்கு ஆறு ரிவர்ஸ் கியர்கள் கிடைக்கும், முன்னே போக ஒன்றும் இருக்காது. செயினை நேரடியாகப் பூட்டுவதற்கென்றே ஸ்ப்ராக்கெட் உள்ள டிஃபரன்ஷியல்கள் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டிகள்) கிடைக்கின்றன. பைக்கின் பின்சக்கரத்தில் இருக்கும் ஹப் ரப்பரைப் பற்றிப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை. ஒவ்வொரு கியர் மாற்றத்தின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். அது இல்லாத காரில் அந்த அடி முழுவதும் கியர்பாக்ஸுக்கே போகும் என்பதால், அதைப் போன்ற ஒரு ரப்பர் இணைப்பை டிஃபரன்ஷியல் ஸ்ப்ராக்கெட்டில் சேர்த்துக்கொள்வது நல்லது.

ரிவர்ஸ் வேலையைப் பைக்கில் செய்தவை உங்கள் கால்கள். காரில் தனி ரிவர்ஸ் பெட்டி வைக்கலாம், அல்லது ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரை டிஃபரன்ஷியலோடு கடிக்கவிட்டுப் பின்னே நகர்த்தலாம். இந்த இரண்டாவது யோசனை பைக்குக்கே அந்நியமானதன்று. 1988 மாடல் ஹோண்டா கோல்டு விங்கில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டுதான் பின்னே நகர்த்தினார்கள். ரேடியேட்டரை மினியின் பழைய வழக்கப்படி பக்கவாட்டில் வைக்காமல், கிரில்லுக்குப் பின்னால் மின்விசிறியோடு வையுங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961-இல் 55 குதிரைத்திறனோடு மினி கூப்பர் வந்தபோதே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் காரில் நான்கிலும் டிரம்தான் என்றால், இன்ஜினைத் தொடுவதற்கு முன் பிரேக்கை மாற்றுங்கள். இன்ஜின் மாற்றத்தைப் பதிவு செய்ய உங்கள் நாட்டு விதிகள் அனுமதிக்கின்றனவா என்பதையும் இன்ஜினைத் தாங்கும் முன்பக்க சப்ஃபிரேமை வெட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹயபூசாவா என்று கேட்டிருக்கிறீர்கள். 1999-இல் வந்த அந்த 1299 சிசி இன்ஜினின் முறுக்குவிசை சுமார் 138 நியூட்டன் மீட்டர். சாலையில் ஓட்டும் காருக்கு நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன், குதிரைத்திறனுக்காக அன்று, கீழ்ச் சுற்றில் அது கிளட்ச்சை வதைக்காது என்பதற்காக. இடம் சற்று அதிகம் கேட்கும்.

எதை வாங்கினாலும் வெறும் இன்ஜினாக வாங்காதீர்கள். அடிபட்ட பைக்காக இருந்தாலும் சாவி, இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங் எல்லாவற்றோடும் முழுசாக வாங்கி, அதிலேயே ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். ஒருமுறை நண்பருடைய காரில் நாங்கள் எல்லாம் பூட்டி முடித்த பிறகு, இன்ஜின் அழகாக ஸ்டார்ட் ஆனது, ஆனால் முதல் கியர் போட்டவுடன் அணைந்தது. பெட்ரோல் பம்ப், கிளட்ச், இசியு என்று அரை நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால், காரில் இல்லாத சைடு ஸ்டாண்டு இன்னும் கீழே இறங்கியிருப்பதாக இன்ஜின் நினைத்துக்கொண்டிருந்தது. அந்த சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயர்களை முறுக்கி இணைத்ததும் கார் நகர்ந்தது. வண்டி கவிழ்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சாரும் அப்படித்தான்: பைக்கில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலே வரும்படி சமமாகப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் கார் ஸ்டார்ட்டே ஆகாது.