அன்றன்று எழுதும் கணக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று நம் வட்டாரத்தில் பலகாரம் செய்து விற்பவர்கள், கண்டாங்கிச் சேலை வியாபாரிகள், தரைக்கல் வார்ப்பவர்கள், பழைய மரச்சாமான் வாங்கி விற்பவர்கள் ஆகியோரின் கணக்குகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில், சிறு தொழிலை ஒழுங்காக வைத்துக்கொள்வது குறித்துப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஒழுங்கு என்றவுடன் அலமாரியும் கோப்பும் கணினியும் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் இருந்தும் திணறுகிற கடைகள் உண்டு. அன்றைக்கு நடந்த கொடுக்கல் வாங்கலை அன்றைக்கே எழுதும் வழக்கம் அங்கே இருப்பதில்லை.

இந்த வழக்கம் நம் ஊருக்குப் புதிதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் தொழில் நடத்திய காலத்தில், முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் கப்பலேறிச் சென்ற மேலாள், அதாவது முதலாளியின் முகவர், கடல் கடந்த ஏதோ ஓர் ஊரில் கடையை நடத்துவார். அன்றாட வரவு செலவைக் குறிப்பு என்னும் நாளேட்டில் பதிந்து, பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றி, சொத்தையும் கடனையும் தொகுத்துக் காட்டும் ஐந்தொகை எடுத்து அவர் ஊருக்கு அனுப்பிய கணக்கை வைத்துத்தான், கண்ணால் பாராத கடையின் நிலையை முதலாளி அறிந்துகொண்டார். இன்று முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அதனாலேயே, நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற எண்ணம் வந்து, எழுதுவது நின்றுபோகிறது.

முதலில் கையிருப்பைப் பார்ப்போம். கடை அடைக்கும் நேரத்தில் கல்லாப் பணத்தை எண்ணி, காலையில் இருந்த தொகையுடன் அன்றைய ரொக்க வரவைக் கூட்டி, செலவைக் கழித்து வருகிற தொகையோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கச் சிறிது நேரம் போதும். பொருந்தாவிட்டால் காரணம் அன்றைக்கே நினைவுக்கு வரும். ஒரு வாரம் கழித்து வராது. பெரும்பாலும் அந்தக் காரணம் வீட்டுச் செலவாகத்தான் இருக்கும். பால்காரருக்குக் கொடுத்ததும் உறவினர் திருமணத்துக்கு மொய் எழுதியதும் கல்லாவிலிருந்து போவதில் குற்றமில்லை. ஆனால் அது முதலாளி எடுத்த பணம் என்று எழுதப்பட வேண்டும். இப்போது கைபேசி வழியாகப் பணம் வருகிறது, வந்த தொகையை ஒரு சிறு பெட்டி உரக்கச் சொல்லியும் விடுகிறது. அறிவித்ததையே பதிவாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு, அந்தப் பணத்தைத் தம் சொந்தச் சேமிப்புக் கணக்கிலேயே வாங்குகிறவர்கள் பலர். ஆண்டு முடிவில் விற்பனை எது, மகன் அனுப்பியது எது என்று பிரித்துத் தருமாறு எங்களிடம் வருகிறார்கள். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அடுத்தது கடன் பாக்கி. சிறு தொழில்களை முடக்குவதில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. “கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் ஆச்சி” என்று சொல்லிச் சரக்கை எடுத்துப் போகிறவர் பங்காளியாக இருப்பார், அல்லது அடுத்த தெருக்காரராக இருப்பார். அவரிடம் கையெழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் தயங்குகிறோம். சட்டம் அந்தத் தயக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை. தவணை எதுவும் பேசாமல் கடனுக்கு விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குத் தொடர, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து மூன்றாண்டுதான் தருகிறது. அந்தக் கெடு முடிவதற்கு முன், இவ்வளவு பாக்கி உண்டு என்று கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். ஆகவே ஆண்டுக்கொரு முறை, பாக்கிக்காரர் ஒவ்வொருவருக்கும் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டி, சரிபார்த்துக் கையெழுத்திட்டுத் தருமாறு கேளுங்கள். எல்லாரிடமும் கேட்கிற வழக்கம் என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால்தான் மனத்தாங்கல் வரும்.

பெரிய ஓட்டல்களுக்கும் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கும் சரக்குக் கொடுக்கிறவர்களுக்கு வேறொரு பாதுகாப்பும் உண்டு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு, எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும், இருந்தால் ஒப்புக்கொண்ட நாளுக்குள்ளும், எப்படியாயினும் 45 நாட்களுக்கு மிகாமலும் வாங்கியவர் பணம் செலுத்த வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி கேட்கலாம். அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் நாட்களை எண்ணத் தொடங்குவதற்கு, சரக்கு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்று வேண்டும். லாரி ஓட்டுநர் கையில் பில்லின் நகலைக் கொடுத்தனுப்பி, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தையும் தேதியையும் வாங்கி வரச் செய்கிறவர்கள் மிகச் சிலரே.

ஆர்டர் நோட்டிலும் இதே கதைதான். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் சாயச் சிமெண்டை ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுப்பதால், அதற்கான நாட்களை யாராலும் சுருக்க முடியாது. எத்தனை சதுர அடி, எந்தப் பூ, எந்த நிறம், வாங்கிய முன்பணம் எவ்வளவு, என்றைக்குத் தருவதாகச் சொன்னோம் ஆகியவை ஒரே பக்கத்தில் இருந்தால்தான், அடுத்து வருகிறவரிடம் எந்தத் தேதியைச் சொல்லலாம் என்பது தெரியும். கல்யாணத்துக்கு அதிரசமும் தேன்குழலும் மனகோலமும் செய்து தருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கல்யாணம் இல்லாத ஆடி மாதத்தைச் சரக்கு எண்ணுவதற்கு ஒதுக்குங்கள். ஆனால் விற்பனை இல்லாத மாதமாயினும், ஜி.எஸ்.டி. படிவத்தை மாதந்தோறும் தாக்கல் செய்கிறவர்கள் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அதைச் செய்தாக வேண்டும். தவறினால் விற்பனையே இல்லாத படிவத்துக்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். விற்பனைத் தொகையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் தேதி கெடு. இந்தத் தேதிகளைக் கடை நாட்காட்டியில் ஆண்டுத் தொடக்கத்திலேயே வட்டமிட்டு வையுங்கள். பலகாரம் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிமம் தொடர்பான கெடு நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கேடுகளையும் பில்களையும், அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. இப்போது பல கடைகளில் இயந்திரம் அச்சடித்துத் தரும் வழவழப்பான பில்லில் எழுத்துச் சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. அதை அப்படியே கம்பியில் குத்தி வைத்துப் பயனில்லை. வாங்கிய அன்றே நகலெடுத்தோ கைபேசியில் படமெடுத்தோ, மாதவாரியாகச் சேர்த்து வைத்துவிடுங்கள். வணக்கம்.