இன்னும் எழுதி முடியாத இயங்குதளம்

வணக்கம் நேயர்களே. கணினி என்றால் பெரும்பாலானோருக்கு வின்டோஸ். கொஞ்சம் விபரம் தெரிந்தவர்களுக்கு லினக்ஸ். திருகோணமலையில் பழைய மடிக்கணினிகளைத் திருத்திக் கொடுக்கிற எனக்கும் நெடுநாளாக உலகம் இவ்வளவுதான். இன்றைக்குப் பேச வந்தது இந்த இரண்டிலும் சேராத ஒன்றைப் பற்றி. பெயர் ஹைக்கூ. விற்பதற்காக எழுதப்படாத இயங்குதளம். எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, ஆசைக்காக எழுதுகிறவர்கள்.

முன்கதை சுருக்கமாக. ஆப்பிளை விட்டு வந்த ஜோன் லூயி காஸே 1990 இல் பீ என்ற கம்பனியைத் தொடங்கினார். அதன் பீஓஎஸ் என்ற இயங்குதளம் ஒலி, காணொளி வேலைகளில் அந்தக் காலத்துக்கு ஆச்சரியமான வேகம் காட்டியது. சந்தையில்தான் நிற்க முடியவில்லை. 2001 இல் பாம் கம்பனி அதன் சொத்துகளை வாங்கிக்கொண்டது. மையப் பகுதியின் நிரல் வெளியே வரவேயில்லை. சரி, நாங்களே எழுதுவோம் என்று அதே வருடம் ரசிகர்கள் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். 2004 இல் ஹைக்கூ என்று பெயர் வைத்தார்கள். முதல் அல்ஃபா, அதாவது ஆரம்பச் சோதனைப் பதிப்பு, 2009 இல், அதற்கடுத்த கட்டமான முதல் பேட்டா 2018 இல், ஐந்தாவது பேட்டா 2024 செப்டெம்பரில் வந்தது. அப்போதும் 'முதலாம் பதிப்பு' வரவில்லை. சிரிப்பு வருகிறதா? வரட்டும்.

எனக்கு ருசியானது அந்தப் பதிப்புகள் அல்ல, இடையில் ஓயாமல் நடக்கிற சின்னச் சின்ன மாற்றங்கள். ஒருவர் நினைவகக் கசிவை, அதாவது வேலை முடிந்தும் நினைவகத்தை விடாமல் பிடித்திருக்கும் குறையை, அடைப்பார், இன்னொருவர் எழுத்துப் பிழை திருத்துவார், வேறொருவர் ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி என்ற வேறு இயங்குதளங்களின் பக்கமிருந்து வைஃபை இயக்கிகளை, அதாவது வைஃபை சாதனத்தை இயக்கும் நிரல்களை, கொண்டுவந்து பொருத்துவார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண் விழும். ஏன் மாற்றினோம் என்று கூடவே எழுதியிருக்கும்.

அதில் ஒன்றைச் சொல்கிறேன், நம் ஊருக்கு நெருக்கமானது. வலையமைப்பில் தரவை அனுப்பும் டிசிபி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இறங்குதுறையிலிருந்து லோஞ்சில் மூதூருக்குச் சாமான் அனுப்புகிறீர்கள். அக்கரையிலிருந்து 'கிடைத்தது' என்ற துண்டு திரும்பி வந்த பிறகுதான் அடுத்த லோட் ஏற்றலாம் என்றால், நாளொன்றுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது லோஞ்சின் அளவிலும் போய்வரும் நேரத்திலும் தங்கியிருக்கும். டிசிபியில் அந்த லோட்டின் அளவுக்கு 'விண்டோ' என்று பெயர். அது 64 கிலோபைட், அமெரிக்காவில் இருக்கும் சேர்வருக்குப் போய்வரக் கால் செக்கன் என்று வைத்துக்கொண்டால், செக்கனுக்கு 256 கிலோபைட்டுக்கு மேல் வராது. வீட்டில் ஃபைபர் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன! சேர்வருக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு இந்தக் குறையே தெரியாது. தூரத்தில் இருக்கும் நமக்குத்தான் சுடும். ஐந்தாவது பேட்டாவுக்கு முன் இந்தப் பகுதியைத் திருத்தி எழுதினார்கள். விண்டோ தேவைக்கேற்பத் தானாக விரியத் தொடங்கியது, தரவிறக்கம் பல மடங்கு வேகமானது. திரையில் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது.

பிடிவாதமான பக்கமும் உண்டு. பழைய பீஓஎஸ் செயலிகள் அப்படியே ஓட வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே இவர்கள் கொள்கை. அதற்காக 32 பிட் ஹைக்கூவின் அடிப்படைப் பகுதிகளை இன்னமும் ஜிசிசி 2.95 என்ற கம்பைலரால்தான் தொகுக்கிறார்கள். கம்பைலர் என்றால் எழுதிய நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள். அது 1999 இல் வந்தது. அதற்குப் பின் வந்த ஜிசிசி, சி++ மொழியின் வர்க்கங்களையும் பெயர்களையும் வேறு மாதிரி அடுக்குவதால் பழைய செயலிகளோடு ஒட்டாது. விளைவு, இன்றைக்குப் படித்து வருகிற பிள்ளை அந்தப் பகுதியில் சி++ மொழிக்குப் பின்னால் வந்து சேர்ந்த 'ஓட்டோ' என்றோ 'லாம்டா' என்றோ எழுதினால் கம்பைலர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 64 பிட் பதிப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்குப் புதிய கம்பைலர். என்னைக் கேட்டால் அந்த 32 பிட்டுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிடலாம். அவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்கவும் வேண்டியதில்லை, நான் என்ன காசு கொடுத்தா வாங்கினேன்?

அப்புறம் மென்பொருள் பொதிகள். ஹைக்கூ பொதியைப் பிரித்து வன்தட்டில் பரப்புவதில்லை. பொதியை அப்படியே பொருத்தி வாசிக்கிறது. புதுப்பிக்கும்போது பழைய நிலையையும் வைத்திருக்கும். சரிவராவிட்டால் இயக்கத் தொடங்கும்போதே முந்தைய நிலையைத் தேர்ந்து உள்ளே போகலாம். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்ட காலத்தில், புதுப்பித்தல் பாதியில் நின்று படுத்துவிட்ட வேறு இயங்குதளக் கணினிகள் என் மேசைக்கு எத்தனை வந்தன!

மாற்றங்கள் எப்படி உள்ளே போகின்றன என்பதைக் கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். எழுதியவர் தன் மாற்றத்தை மற்றவர்கள் பார்த்துச் சொல்வதற்காக கெரிட் என்ற இணையத்தளத்தில் வைப்பார். மற்றவர்கள் மைனஸ் இரண்டிலிருந்து பிளஸ் இரண்டு வரை புள்ளி போடுவார்கள். வர்க்கத்தின் உறுப்பு மாறிகளின் பெயர் 'எஃப்' இல் தொடங்க வேண்டும், மாறிலிகள் 'கே' யில் தொடங்க வேண்டும், ஓர் இடைவெளி தவறினாலும் திரும்பி வரும். அந்த வாக்குவாதங்கள் முழுவதும் திறந்தே கிடக்கின்றன. நம் வகுப்புகளில் விடை எழுதப் பழக்குகிறோம், இன்னொருவர் எழுதிய நிரலை வாசிக்கப் பழக்குவதில்லை. எனக்கு அதில் கோபமே உண்டு.

ஆசைக்காக எழுதுகிறார்கள் என்றேன், முழுதும் அப்படியல்ல. நன்கொடையில் நடக்கும் ஹைக்கூ அமைப்பு 2021 முதல் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து முழுநேரமாக எழுத வைத்திருக்கிறது. திறந்த மூல மென்பொருள் எழுதப் புதியவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் கூகுளின் சமர் ஒஃப் கோட் திட்டத்திலும் 2007 முதல் பல தடவை சேர்ந்திருக்கிறது. அதே திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பல வருடம் உலகில் முன்னணியில் நின்றார்கள். இங்கிருந்தும் போகலாம்.

தொடங்குவதற்குப் பழைய மடிக்கணினி ஒன்றும் ஒரு யூஎஸ்பியும் போதும். யூஎஸ்பியிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம், வன்தட்டில் உள்ளதைத் தொடாது. வைஃபை பிடிக்காமல் போகலாம், ஆகவே ஒரு லேன் கேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துப்போனால் அவர்களின் குறைப் பட்டியலில் 'ஈஸி' என்று குறித்திருப்பவற்றை மட்டும் முதலில் திறந்து வாசியுங்கள். வணக்கம்.