வண்டி தண்ணீர் குடிக்கிறதா? அது எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம்

[காட்சி: மூடிய ரயில்வே கேட், வரிசையாக நிற்கும் வண்டிகள். டேஷ்போர்டில் மேலே ஏறும் டெம்பரேச்சர் முள்.]

வணக்கம். போன பங்குனியில் மன்னார்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அம்மா, அத்தை, பிள்ளைகள் என்று வண்டிக்குள் எட்டுப் பேர், ஏசி ஓடுகிறது, வழியில் கேட் போட்டுவிட்டார்கள். நின்று ஐந்து நிமிடம்கூட இருக்காது, முள் பாதியைத் தாண்டி ஏறத் தொடங்கியது. கேட் திறந்து வண்டி வேகம் எடுத்ததும் தானாக இறங்கியது. முன் சீட்டில் இருந்த அப்பா, "தண்ணி குடிக்குதுப்பா, நிறுத்தி ஊத்திட்டுப் போவோம்" என்றார். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய டீசல் வண்டி, பின்னால் ஐந்து லிட்டர் கேனில் போர் தண்ணீர் இல்லாமல் அவர் தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டார்.

அந்தக் கேன் தேவைப்படுவதே ஒரு கோளாறு. கூலன்ட், அதாவது எஞ்சினை ஆற வைக்கிற திரவம், ஓடுவது மூடிய சுற்றில். எஞ்சினுக்குள் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வந்து காற்றில் விட்டுவிட்டுத் திரும்பப் போகும், அவ்வளவுதான். சரியாக இருக்கிற வண்டியில் மாதக்கணக்கில் அளவு பெரிதாகக் குறையாது. வாரம் ஒரு லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்றால் அந்த ஒரு லிட்டர் எங்கேயோ போகிறது. ஒன்று வெளியே ஒழுகுகிறது, அல்லது மூடி வழியாகத் தப்புகிறது, அல்லது எஞ்சினுக்குள்ளேயே போகிறது. எது என்று தெரியாமல் பாகம் பாகமாக மாற்றினால் காசு கரையும், சூடு குறையாது.

எங்களுக்கு அப்படித்தான் நடக்க இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் ஒரு பட்டறையில் காட்டினோம். பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஹெட் கேஸ்கட் போயிருக்கு, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டார்கள். ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினுக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு. ஒரு சோதனைகூடச் செய்யவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

[காட்சி: விடியற்காலை, வாசலில் வண்டி. கை ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறது.]

விடியற்காலையில் எடுத்த காட்சி இது. இரவு முழுக்க ஆறிய எஞ்சின். சூடான வண்டியில் இந்த மூடியில் கை வைக்கவே கூடாது, துணி போட்டுத் திறந்தாலும் கூடாது. உள்ளே அழுத்தத்தில் நூறு டிகிரிக்கு மேல் இருக்கிற தண்ணீர், திறந்த நொடியில் கொதித்து முகத்துக்கு வரும்.

இப்போது உள்ளே பாருங்கள். பக்கத்து ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் மேல் கோடு வரை இருக்கிறது. ரேடியேட்டரிலோ ஒரு சாண் இறங்கிக் கிடக்கிறது! நிறையப் பேர் டப்பாவை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். டப்பா நிறைந்து ரேடியேட்டர் காலியாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மூடியைத்தான்.

இந்த மூடியை வெறும் மூடி என்று நினைக்காதீர்கள், இதற்குள் இரண்டு வால்வு இருக்கிறது. மேலே 0.9 என்றோ 1.1 என்றோ எண் போட்டிருக்கும், அது எத்தனை பார் அழுத்தம் வரை பிடித்து வைக்கும் என்கிற கணக்கு. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் 0.9 பார் கூடுதல் அழுத்தத்தில் ஏறக்குறைய 119 டிகிரிக்குப் போனால்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்து மூடி பிடிக்காமல் போனால், அந்த 19 டிகிரி பாதுகாப்பும் போய்விடும். நடுவில் இருக்கிற சின்ன வால்வு, எஞ்சின் ஆறும்போது டப்பாவில் இருக்கிற கூலன்டைத் திரும்ப உள்ளே இழுக்க வழி விடுவது. அது அடைத்துக்கொண்டால் வெளியே போனது உள்ளே வராது. ஆறிய பிறகு மேல் ஹோஸ், அதாவது ரேடியேட்டரின் மேல் பக்கம் சேரும் ரப்பர் குழாய், சப்பிப்போய் இருந்தாலும் காரணம் பெரும்பாலும் அதுதான். டப்பாவுக்குப் போகும் மெல்லிய குழாயில் விரிசல் இருந்தாலும் கூலன்டுக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும், அதையும் தடவிப் பாருங்கள்.

எங்கள் மூடியின் ரப்பர் நகம் பட்டதும் உதிர்ந்தது. சில நூறு ரூபாய்தான், அதே எண் போட்ட புது மூடி போட்டேன். இங்கே ஒன்று நடந்தது, பயந்துவிடாதீர்கள், உங்களுக்கும் நடக்கலாம். புது மூடி அழுத்தத்தைச் சரியாகப் பிடித்ததும், அதுவரை கசிந்ததே தெரியாத இடம் ஒன்று கசியத் தொடங்கியது.

[காட்சி: வாட்டர் பம்ப், அடியில் சிறு துளை, வெளுத்த தடம்.]

வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை தெரிகிறதா? யாரோ தவறி ஓட்டை போட்டது போல இருக்கும், ஆனால் வேண்டுமென்றே வைத்தது. உள்ளே இருக்கிற சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் இந்த வழியாக வெளியே வரட்டும் என்று. கீழே வாசலில் ஒரு சொட்டும் இல்லை, ஏனென்றால் சூடான எஞ்சின் மேல் பட்டதுமே காய்ந்துவிடுகிறது. காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு தடம் நிற்கும். கசிவைத் தேடுகிறவர்கள் ஈரத்தைத் தேட வேண்டாம், இந்தத் தடத்தைத் தேடுங்கள். ஹோஸ் கிளிப் பக்கம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் ஓரம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹீட்டர் உள்ள வண்டி என்றால் முன் பக்கக் கால் மிதியடியைத் தூக்கி ஈரமா, இனிப்பு வாடை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிரஷர் டெஸ்டர் வைத்திருக்கிற மெக்கானிக் கிடைத்தால் வேலை சுலபம், எஞ்சினை ஓட்டாமலேயே கையால் காற்றடித்து மூடியில் உள்ள அளவுக்கு ஏற்றி டெஸ்டரின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்.

சரி, தண்ணீர் போன வழி தெரிந்துவிட்டது. பம்ப் மாற்றியாயிற்று, பெல்ட்டும் சேர்த்து. ஆனாலும் கேட்டில் நின்றால் முள் கொஞ்சம் ஏறத்தான் செய்தது.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது எப்போது ஏறுகிறது என்பது. நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் பெரும்பாலும் காற்றுதான் போதவில்லை: ஃபேன், அல்லது ரேடியேட்டரின் முகம் அடைத்திருப்பது. தஞ்சாவூர் பைபாஸில் வேகமாகப் போகும்போதுதான் ஏறுகிறது என்றால் கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடு வந்ததும் கூலன்டுக்கு வழி திறக்கிற வால்வு) சரியாகத் திறக்காதது என்று அந்தப் பக்கம் பாருங்கள்.

நம் பக்கத்தில் ரேடியேட்டர் முகம் எதனால் அடைக்கும் என்று சொல்லவா வேண்டும்? தையில் சம்பா அறுவடை, ரோடு முழுக்க வைக்கோலும் பதரும். அது முடிந்தால் மாசி பங்குனியில் உளுந்துச் செடியையும் பயறுச் செடியையும் பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறித்தான் அது உதிரும். திருவாரூரில் இருந்து மன்னார்குடி வரை அதன் மேல் ஓட்டிப் போனால் அத்தனை தூசியும் முன் கிரில் வழியாக உள்ளே வந்து ஏசி கண்டென்ஸருக்கும் (ஏசியின் சூட்டை வெளியே விடும் பாகம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும்) ரேடியேட்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும். அந்த நடு இடுக்கில் இருந்து நான் எடுத்தது இதோ, இரண்டு கை நிறைய.

[காட்சி: தாளில் குவித்த பதர், உளுந்து நெற்று, தூசி.]

கழுவும்போது எஞ்சின் பக்கம் இருந்து முன்பக்கமாக, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவாக அடியுங்கள். வாட்டர் வாஷ் கடையில் வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி இன்னும் அடைத்துவிடும்.

எங்களைப் போல பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் நடுவில் விஸ்கஸ் கப்ளிங் இருக்கும், சூடு ஏறினால் ஃபேனை இறுக்கிப் பிடிக்கிற இணைப்பு அது. நன்றாகச் சூடான எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக நின்றால் நல்லது, தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கப்ளிங் போய்விட்டது. மின்சார ஃபேனைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுற்றலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்கிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 82, 88 டிகிரி என்று அதன் மேலேயே எண் இருக்கும், அந்தச் சூடு வந்ததும் திறக்க வேண்டிய பொருள். கொதிக்கிற நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து, திறக்காவிட்டால் புதிது போடுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, டீசலும் கூடப் பிடிக்கும்.

அப்புறம் அந்த ஹெட் கேஸ்கட். நான் ஏன் நம்பவில்லை என்றால், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது மேல் ஹோஸ் உடனே கல் மாதிரி இறுகவில்லை. மூடி திறந்திருக்க ரேடியேட்டரில் குமிழி விடாமல் வரவில்லை. சூடான பிறகும் நிற்காத வெண்புகை இல்லை, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் கலந்த காபி போல மாறவில்லை. மார்கழிக் காலையில் கொஞ்ச நேரம் வெண்புகை வருவது சாதாரணம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால், ரேடியேட்டர் வாயில் வைத்து எஞ்சினுக்குள் எரிந்த புகை வருகிறதா என்று நிறம் மாறிக் காட்டும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது, அதைச் செய்துவிட்டு ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.

ஓடும்போது சூடேறினால் ஏசியை அணைத்து ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்று நம்ப வேண்டாம், சென்ஸரைத் தொடக்கூடத் தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம். ஆறும் வரை காத்திருங்கள், பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

வாய்க்கால் தண்ணீரில் வண்டல், போர் தண்ணீரில் உப்பு. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் சொல்லவே வேண்டாம், வெந்நீர் வைக்கிற பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. எங்கள் பழைய தண்ணீரை இறக்கியபோது துருவும் சுண்ணாம்புமாக வந்தது.

அப்பா இன்னும் வண்டியில் இருந்து கேனை எடுத்துவிடவில்லை. இப்போது அதில் இருப்பது கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கூலன்ட் இனிக்கும், கடும் விஷம். அதனால் மேலே பெரிதாக எழுதி, மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் கட்டி வைத்திருக்கிறார். வைகாசியில் மேல் கோடு வரை நிரப்பினோம், இது ஆவணி, கேன் இன்னும் திறக்கவில்லை.