ஆல் இன் ஒன்னா, அசெம்பிள்டு டெஸ்க்டாப்பா?

காட்சி: மேசை மேல், பின்மூடி கழற்றிய ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர். அதன் திரை நெருக்கத்தில் தெரிகிறது.

இந்தத் திரையைப் பாருங்கள். ஒரு கீறல் இல்லை. கடைசி நாள் வரைக்கும் நிறம் மங்காமல் இருந்தது. ஆனால் இதில் இப்போது எதுவும் தெரியாது, ஏனென்றால் பின்னால் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு போய்விட்டது.

எங்கள் வீட்டில் ஆறு வருடம் ஓடிய ஆல் இன் ஒன் இது, அதாவது திரைக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடங்கியது. ஒருநாள் காலையில் பட்டனை அழுத்தினேன், உயிர் வரவில்லை. சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும், இந்த மாடலுக்கு இப்போது போர்டு வருவதில்லை என்றார்கள். நல்ல திரையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஆல் இன் ஒன் வாங்கலாமா, பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்யலாமா என்று யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் காட்டுகிறேன். வேகம், அழகு எல்லாம் அப்புறம். கம்ப்யூட்டரின் பாகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழசாவதில்லை. நல்ல மானிட்டர் பத்து வருடம் உழைக்கும். பாகங்களை வைக்கும் பெட்டியான கேபினெட்டுக்கு வயதே ஆகாது. ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் போகும். பிராசஸர் கெடுவது அபூர்வம், ஆனால் காலம் அதைத் தாண்டிப் போய்விடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர். அசெம்பிள் செய்தவர் போர்டையும் பிராசஸரையும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆல் இன் ஒன் வைத்திருப்பவருக்கு அந்த வழி பெரும்பாலும் கிடையாது.

காட்சி: கழற்றிய கம்ப்யூட்டரின் உட்பகுதி. மெல்லிய ஃபேன், சின்ன ரேம்.

உள்ளே பாருங்கள், இது கிட்டத்தட்ட ஒரு லேப்டாப். அதே மெல்லிய ஃபேன். ரேம்கூட லேப்டாப்பில் போடும் குட்டை வகை. பல ஆல் இன் ஒன்களில் பிராசஸரும் லேப்டாப் பிராசஸர்தான். இன்டெல் பிராசஸரின் பெயர் யூ என்ற எழுத்தில் முடிந்தால், அது பெரும்பாலும் 15 வாட் அளவுக்கு வடிவமைத்தது. சாதாரண டெஸ்க்டாப் பிராசஸருக்கு 65 வாட் என்பது சர்வசாதாரணம். பிரௌசர், டைப்பிங், வீடியோ கால் என்றால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஒரு மணி நேர வீடியோவை எடிட் செய்து ஏற்றுமதி செய்யும்போது தெரியும். சூடு ஏற ஏற பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அதற்காக ஆல் இன் ஒன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டியைப் பிரித்து ஒரே ஒரு வயரைச் சொருகினால் வேலை முடிந்தது. கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. மேசைக்கடியில் வயர் சிக்கல் கிடையாது. கம்ப்யூட்டரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள விரும்பாத பெரியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஏதாவது ஆனால் ஒரே கம்பெனியைக் கூப்பிட்டால் போதும். வாரண்டி இருக்கும்வரை இது உண்மையிலேயே வசதி.

ஆல் இன் ஒன் என்று முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியென்றால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ரேமைப் பிறகு கூட்ட முடியுமா? 2021 முதல் வரும் ஆப்பிளின் 24 அங்குல ஐமேக்கில் முடியாது, நினைவகம் சிப்போடு சேர்ந்தே வருகிறது. வாங்கும் அன்றே போதுமான அளவு எடுத்தாக வேண்டும். இரண்டாவது, ஹெச்டிஎம்ஐ இன் இருக்கிறதா? அவுட் இல்லை, இன், அதாவது வேறு கருவியின் படத்தை உள்ளே வாங்கும் துளை. அது இருந்தால், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பழசான பிறகும் திரையை மானிட்டராக வைத்துக்கொள்ளலாம். 2009இலிருந்து 2014 வரை வந்த சில ஐமேக்குகளில் இப்படி வெளிக் கம்ப்யூட்டரை இணைக்கும் வசதி இருந்தது. 2014 இறுதியில் 5கே ஐமேக் வந்தது, 5120க்கு 2880 பிக்சல், அவ்வளவு துல்லியமான திரை. அதில் இந்த வசதி இல்லை. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

என் திரைக்கு ஒரு வழி உண்டு. பேனலின் முதுகில் மாடல் எண் ஒட்டியிருக்கும். அதற்குப் பொருந்தும் எல்சிடி கண்ட்ரோலர் போர்டு வாங்கி இணைத்தால் மானிட்டராகிவிடும். ஆனால் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள், வோல்டேஜ் மாறினால் பேனலும் போய்விடும்.

காட்சி: திறந்த கேபினெட், பக்கத்தில் மதர்போர்டு.

சரி, அசெம்பிள் செய்வதற்கு வருவோம். இன்டெல் 1995இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவு இன்றும் அதே 305க்கு 244 மில்லிமீட்டர்தான். அதனால்தான் பழைய கேபினெட்டில் புதுப் போர்டு உட்காருகிறது. போர்டில் பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்டில், ஏஎம்டியின் ஏஎம்4 இன்னொரு நல்ல உதாரணம். 2017இல் வாங்கிய பல போர்டுகள், போர்டில் இருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்தபின் 2022இல் வந்த பிராசஸரையும் ஏற்றுக்கொண்டன. போர்டு, ரேம், கேபினெட், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எதையும் தொடாமல் ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் போதும்.

மாட்டுவது பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. பெரும்பாலான கனெக்டர்கள் ஒரு பக்கமாகத்தான் சொருகும். தவறு நடப்பது அனேகமாகப் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே. இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு போடாவிட்டால் டிஸ்பிளே வராது. டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ரேம் வகைகளுக்கும் 288 பின்தான், பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காராது. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், அது போகும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகலாம். அப்புறம், பிராசஸருக்கான 8 பின் வயரை மறந்துவிடாதீர்கள். மறந்தால் ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். முதல்முறை அசெம்பிள் செய்பவர்கள் பலர் பதறுவது இந்த இடத்தில்தான்.

இதில் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இனி சர்வீஸ் ஆள் நீங்கள்தான். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி, எது கெட்டது என்று கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு. டிஸ்பிளே வரவில்லையா? பவரைத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனையை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த ஸ்லாட். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகச் செய்ய உங்களால் முடியுமென்றால் தாராளமாக அசெம்பிள் செய்யுங்கள். கேம், வீடியோ எடிட்டிங் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், அசெம்பிள்தான். இது தலைவலி என்று தோன்றினால், அதில் குறை ஒன்றும் இல்லை. உங்களுக்கு மூன்றாவது வழி இருக்கிறது.

காட்சி: மானிட்டரின் முதுகில் திருகிய மினி பிசி.

மினி பிசி. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய பெட்டி. இன்டெலின் நக் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பிரபலமாக்கிய வடிவம். பல மானிட்டர்களின் பின்னால் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகு ஓட்டைகள் இருக்கும், வெசா மவுண்ட் என்பார்கள். அதில் பிராக்கெட்டோடு மாட்டிவிட்டால் முன்னாலிருந்து பார்ப்பவருக்கு இது ஆல் இன் ஒன்தான். உள்ளே இருப்பது இங்கேயும் பெரும்பாலும் லேப்டாப் பிராசஸர், அதனால் கேம் ஆடுபவர்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டி பழசானால் பெட்டி மட்டும் போகும், மானிட்டர் அதே இடத்தில் இருக்கும். வீட்டு உபயோகத்துக்குக் கேட்பவர்களுக்கு நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன். என் மேசையிலும் இதுதான் இருக்கிறது.

வாங்கும் முன் அந்த மாடலின் மூடி கழற்றிய படத்தைத் தேடிப் பாருங்கள். சில மினி பிசிகளில் ரேமைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. ரேமுக்கு இரண்டு ஸ்லாட், சேமிப்புக்கான எஸ்எஸ்டிக்கு ஒரு எம்.2 ஸ்லாட் கண்ணில் பட்டால் எடுக்கலாம்.