காற்றாலை வந்ததும் ஓணானுக்குப் பயம் போனது ஏன்?

(காட்சி: கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் பின்கட்டு. தாய்க்கோழியும் குஞ்சுகளும் மேய்கின்றன.)

வணக்கம். மண்ணில் ஒரு நிழல் ஓடியதைக் கவனித்தீர்களா? தாய்க்கோழி ஒரே ஒரு குரல்தான் கொடுத்தது, குஞ்சுகள் எல்லாம் இறக்கைக்குள்ளே போய்விட்டன. பருந்துப் பயம்! இந்தப் பயம் ஓர் உயிரினத்துக்கு மொத்தமாக விட்டுப்போனால் என்ன ஆகும்? நிம்மதியாகத் தின்று கொழுக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அது மெலிகிறது, நிறமும் மங்குகிறது. இதற்கும் காற்றாலைக்கும் என்ன தொடர்பு? கடைசி வரை பாருங்கள்.

(காட்சி: ஆரல்வாய்மொழி காற்றாலைகள்)

காரைக்குடியிலிருந்து நாகர்கோவில் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. காற்றாலை என்றதும் இறக்கையில் அடிபடும் பறவைகளையும் வௌவால்களையும் பற்றித்தான் பேசுவோம். தரையில் ஊர்கிற, வளை தோண்டுகிற உயிர்களைப் பற்றி நடந்த ஆய்வுகள் குறைவு.

முதலில் பாலைவனம். கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் அருகே காற்றாலைகளுக்கு நடுவே பாலைவன ஆமைகள் வாழ்கின்றன. வாழ்நாளில் பெரும்பகுதி வளைக்குள்தான். ஆய்வாளர்கள் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், பக்கத்துக் காட்டு நிலத்தைவிடக் காற்றாலைப் பகுதியில் ஆமைகள் அதிகமாகவே பிழைத்திருந்தன! வெளியாட்கள் உள்ளே வர முடியாததும், வண்டிகள் குறைவாக ஓடுவதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். சரி, அப்படியானால் கவலை இல்லையா? அவசரப்படாதீர்கள். இந்த ஆமை பருவத்துக்கு வரவே பன்னிரண்டு முதல் இருபது வருடம் ஆகும். இன்றைய பாதிப்பு அடுத்த தலைமுறையில்தான் தெரியலாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன்.

(காட்சி: செம்புரான்கல் படிக்கட்டு உள்ள ஊருணி)

நம் ஊருணிகளில் இருக்கிறதே செம்புரான்கல், அதே வகைப் பாறை விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் ஒன்று மகாராஷ்டிராவில் சாதாரா பக்கம் இருக்கிறது. பெயர் சால்கேவாடி. பதினாறு முதல் இருபது வருடமாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்த இடம். அங்கே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கர் குழுவினர் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. காற்றாலை உள்ள பகுதியையும், பக்கத்தில் காற்றாலை இல்லாத பகுதியையும் ஒப்பிட்டார்கள். காற்றாலைப் பக்கம் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் இருந்தன.

அந்தப் பறவைகளுக்கு இரையாகும் விசிறித்தொண்டை ஓணான் அங்கே பெருகிவிட்டது. மனிதர் நெருங்கி நடந்தால் எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது என்று அளந்தார்கள். காற்றாலைப் பகுதி ஓணான்கள் ஆளை மிகக் கிட்டத்தில் வர விட்டன. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் குறைவு. மேலே பார்க்க வேண்டிய தேவை இல்லாத கோழிக்குஞ்சு போல ஒரு வாழ்க்கை!

ஆனால் உடம்பு மெலிந்திருந்தது. கூட்டம் பெருகியது, பூச்சிகளுக்குப் போட்டியும் பெருகியது. ஆண் ஓணான் கல்லின் மேல் ஏறித் தொண்டையை விரித்துக் காட்டுமே, நீலமும் ஆரஞ்சும் கருப்புமாக, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அந்த நீலமும் ஆரஞ்சும் மங்கியிருந்தன. பெண் ஓணானை அழைப்பதே அந்த விசிறிதான்! காற்றாலை அந்த ஓணானைத் தொடவே இல்லை. வானத்தில் ஒரு பறவை குறைந்ததற்கு, தரையில் ஒரு ஓணானின் கழுத்து நிறம் மாறுகிறது. இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஜெய்சால்மர் பாலைவனத்தில் தரையில் முட்டையிடும் கானமயில் மின்கம்பியில் மோதி இறப்பது வேறு கதை. அதற்குத் தனி வீடியோ வரும்.

காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரிப் புகைக்கு மாற்று நிச்சயம் வேண்டும். ஆனால் ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராயச் சொல்லும் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலையே இல்லை. அதாவது, அந்த மதிப்பீடு செய்யாமலே நடலாம். இதை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடுவதற்கு முன்னால் பருந்தை எண்ணுங்கள், கூடவே ஓணானையும் எண்ணுங்கள். பொட்டல் என்று நாம் ஒதுக்குகிற இடத்தில்தான் அது வீடு கட்டியிருக்கிறது.

(காட்சி: திண்ணையில் பனையோலை விசிறியோடு ஒரு ஆச்சி)

ஆச்சி கையில் இருப்பது என்ன? விசிறி. 2016-இல் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக விவரிக்கப்பட்ட விசிறித்தொண்டை ஓணானுக்கு அறிவியல் உலகம் வைத்த பெயர் 'சிட்டானா விசிறி'. இந்தப் பனையோலை விசிறியேதான்! நம் செம்மண் பொட்டலிலோ கண்மாய்க் கரையிலோ தொண்டையை விரிக்கிற ஓணானைப் பார்த்திருந்தால், எந்த ஊர், எந்த மாதம் என்று கீழே எழுதுங்கள். கல்லெறியாமல், தள்ளி நின்று எடுத்த வீடியோ இருந்தால் அனுப்புங்கள்.