கேரவன்ல எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கலையா? தொப்பூர் இறங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே. பெங்களூர்ல இருந்து டீசல் கேரவனை எடுத்துக்கிட்டு சேலம், ஏற்காடு பக்கம் கிளம்புறவங்க இந்த வீடியோவைக் கண்டிப்பா பாருங்க. தொப்பூர் கணவாய் இறக்கத்துல நியூட்ரல்ல உருட்டிட்டு ஃபுட் பிரேக்கை மட்டும் நம்பினா, டிரம் சூடேறி லைனர் புகைய ஆரம்பிச்சிடும். அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் வண்டி கேட்காது. அந்த நேரத்துல கை கொடுக்க வேண்டியது எக்ஸாஸ்ட் பிரேக்.

லாரியில இது அடிக்கடி வேலை செய்யும், அதனால ஃப்ரீயா இருக்கும். கேரவன் ரெண்டு மாசம் சும்மா நிக்கும். இறுகிப் போறதுக்கு அது போதும். டர்போவுக்குப் பின்னாடி சைலன்சர் பைப்புக்குள்ள ஒரு வட்டத் தகடு இருக்கு, அதுதான் பட்டர்ஃப்ளை வால்வு. ஏர் சிலிண்டர் லிவரைத் தள்ளினா தகடு திரும்பி பைப்பை அடைக்கும், டீசலும் கட் ஆகும். வெளியேற வழியில்லாத காத்தை பிஸ்டன் எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறதால வண்டி வேகம் குறையுது.

இப்போ கேமராவைக் கிட்ட கொண்டு போறேன், பாருங்க. தகட்டைத் திருப்புற ஷாஃப்ட் வெளிய வர்ற இந்த இடத்துல கரியும் துருவும் சேர்ந்து, காஞ்ச தார் மாதிரி ஒட்டியிருக்கு. லிவரைக் கையால தள்ளினா பாதியில நிக்குது. நல்ல வால்வு முழுசா போய், ஸ்பிரிங் இழுத்ததும் டப்புனு திரும்பி வரணும்.

இதைச் சரிபண்ண, இன்ஜின் ஆறி பைப்பைத் தொட முடியற நிலைக்கு வரட்டும். வீலுக்குக் கட்டை போடுங்க. சிலிண்டர் ராடைக் கழட்டிட்டு, ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் துரு இளக்குற ஆயிலைக் கொஞ்சமா அடிச்சு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. காலையில லிவரை முன்னும் பின்னும் மெதுவா ஆட்டுங்க. சுத்தியல் வேண்டவே வேண்டாம், ஷாஃப்ட் வளைஞ்சா தகடு பைப்புல உரசும். லேசா வந்ததும் வயர் பிரஷ்ஷால தேய்ச்சு, அதிக சூடு தாங்குற கிராஃபைட் லூப்ரிகன்ட் போடுங்க. சாதா கிரீஸ் போட்டா அந்தச் சூட்டுல அதுவே கரியாகி மறுபடி பிடிச்சுக்கும். நிறைய வண்டியில இந்தத் தப்பைத்தான் பண்ணி வச்சிருக்காங்க.

ஒரு விஷயம். பிஎஸ்6 வண்டி சிலதுல தகட்டை மோட்டார் திருப்பும். அதைக் கையால நெம்பினா உள்ள கியர் உடையும். அதுக்கு ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்கணும்.

வால்வு ஃப்ரீயா இருந்தும் பிரேக் வரலையா? ஏர் கேஜ் 7 பார் வந்ததும் இன்ஜினை நிறுத்தி, சாவி ஆன், எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்ச் ஆன், ஆக்ஸிலரேட்டர், கிளட்ச் ரெண்டு பெடல்லயும் கால் வைக்காதீங்க. எலக்ட்ரானிக் கன்ட்ரோல் இல்லாத வண்டியில சோலினாய்டு, அதாவது சிலிண்டருக்குக் காத்தைத் திறந்து விடுற கரண்ட் வால்வு, 'டக்'குனு சத்தம் போடணும். சத்தம் இல்லைன்னா ஃபியூஸ், அப்புறம் சோலினாய்டு கனெக்டர்ல வோல்டேஜ். பெரிய சேஸியில 24 வோல்ட், சின்னதுல 12 வோல்ட் வரணும். வோல்டேஜே வரலைன்னா ஆக்ஸிலரேட்டர் சுவிட்சையும் கிளட்ச் சுவிட்சையும் பாருங்க. கேரவன்ல தடியா கார்ப்பெட் போடுறாங்க இல்லையா, அதுல பெடல் முட்டி முழுசா மேல வராது. கால் இன்னும் மிதிச்சுக்கிட்டு இருக்குன்னு சுவிட்ச் நினைச்சுக்கும், பிரேக் வரவே வராது. கார்ப்பெட்டை வெட்டி விட்டா முடிஞ்சது.

'டக்' வருது, லிவர் அசையலையா? சிலிண்டருக்கு வர்ற ஏர் பைப்பைக் கழட்டிப் பாருங்க. காத்து வந்தா சிலிண்டர்தான் போயிருக்கு. வரலைன்னா பைப் எங்கயாவது நசுங்கியிருக்கலாம். அடியில தண்ணி டேங்க் மாட்டும்போது கிளாம்ப்ல சிக்கியிருக்கலாம், முதல்ல அங்க தேடுங்க. அப்படியே ஏர் டேங்க் டிரெயினைத் திறங்க. பால் மாதிரி வெள்ளையா ஆயிலும் தண்ணியும் வந்தா காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற டிரையர் கார்ட்ரிட்ஜை மாத்திடுங்க. கம்ப்ரஸர் ஆயில் அடிக்குதான்னும் பார்க்கணும்.

லிவர் முழுசா போகுது, ஆனா வண்டி வேகம் குறையலைன்னா, லிவரை ஷாஃப்டோட பிடிச்சிருக்கிற பின்னைப் பாருங்க. தேய்ஞ்சு லூஸா இருந்தா லிவர் போறது கண்ணுக்குத் தெரியும், தகடு மட்டும் முழுசா மூடாது. மேனிஃபோல்டு கேஸ்கட்லயோ கிளாம்ப்லயோ புகை கசிஞ்சாலும் பிரஷர் நிக்காது. கசியற இடத்தைக் கரிக்கோடு காட்டிக் கொடுத்திடும். ஆனா பிரேக் இன்னும் வலுவா வேணும்னு தகடு எவ்வளவு மூடணும்னு நிறுத்துற ஸ்டாப்பர் போல்ட்டை முடுக்காதீங்க, தகட்டுல இருக்கிற சின்ன ஓட்டையையும் அடைக்காதீங்க. பிரஷர் எல்லை மீறினா எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை விட்டு எழும்பும், இன்ஜினுக்கே செலவு வைக்கும்.

தகடு மூடின நிலையில சிக்கினா வண்டி இழுக்காது, கரும்புகை தள்ளும். பழைய டீசல் பம்ப் வண்டியில, டீசலை நிறுத்துற ஸ்டாப் லிவரை இழுக்க இன்னொரு குட்டி சிலிண்டர் இருக்கும். அது திரும்பாம நின்னா இன்ஜின் ஆஃப் ஆகிடும்.

உதிரி பாகம் பெங்களூர் ஜே.சி. ரோட்டுல தேடலாம். பழைய வால்வைக் கையோட எடுத்துட்டுப் போங்க, பைப் விட்டமும் லிவர் பக்கமும் மாறினா உட்காராது.

வண்டி சும்மா நின்னாலும் வாரம் ஒரு தடவை இன்ஜினைச் சூடாக்கி, காலி ரோட்டுல அஞ்சாறு முறை பிரேக்கைப் போட்டு எடுங்க. மழைச் சாலையில மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, இது பின் வீலை மட்டும் பிடிக்கிறதால வழுக்கும். இறக்கத்துக்கு முன்னாடி சமதளத்துல மூணாவது கியர்ல 2000 ஆர்பிஎம் வச்சு சுவிட்சைப் போட்டுப் பாருங்க. உடம்பு லேசா முன்னாடி தள்ளுற மாதிரி இழுவை தெரியணும். தெரியலைன்னா ஓரமா நிறுத்தி லிவரைப் பார்த்துட்டு அப்புறம் இறங்குங்க.