சென்சார் வளர்த்த சினிமாவா?

அவையோருக்கு வணக்கம்.

ஸ்பானிய சினிமாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மெக்சிகோ தொடங்கி அர்ஜென்டினா வரைக்கும் அந்த மொழியில் படம் எடுக்கிறார்கள்; எல்லாவற்றையும் ஒரு மாலையில் பேசித் தீர்க்க முடியாது. அதனால் ஸ்பெயினோடு, அதிலும் அந்த நாட்டைச் சர்வாதிகாரியாக ஆண்ட ஜெனரல் பிராங்கோவின் காலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிராங்கோ சினிமாவை வெறுத்தவர் இல்லை. புனைபெயரில் அவரே ஒரு கதை எழுத, அது 1942இல் 'ராசா' என்ற படமாக வந்தது. பாசிச பாணியில் கை நீட்டி வணக்கம் சொல்லும் காட்சிகள் அதில் உண்டு. ஹிட்லர் தோற்று, அமெரிக்காவோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய நிலை வந்ததும், 1950இல் அந்தக் காட்சிகளை எடுத்துவிட்டு, பெயரையும் மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். தலைவரின் கதைக்கே கத்தரி போட்டவர்கள் மற்றவர்களை விட்டுவைப்பார்களா?

1941இலேயே ஓர் உத்தரவு வந்துவிட்டது. வெளிநாட்டுப் படம் எதுவானாலும் ஸ்பானிய மொழியில் டப்பிங் செய்தால்தான் தியேட்டரில் ஓடும். தேசிய மொழியைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். ஆனால் குரலே கைக்கு வந்த பிறகு வசனம் எம்மாத்திரம்?

ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'மொகாம்போ' படத்துக்கு நடந்த கதை பிரபலம். கிரேஸ் கெல்லி கணவனோடு ஆப்பிரிக்கா வருகிறார்; அங்கே வேட்டைக்காரர் கிளார்க் கேபிள் மேல் ஆசைப்படுகிறார். கல்யாணமான பெண் இன்னொருவரை விரும்புவதா? கூடாது. டப்பிங்கில் கணவனை அண்ணனாக்கிவிட்டார்கள். சரி, ஒழுக்கம் காப்பாற்றப்பட்டது! ஆனால் அந்த 'அண்ணனும் தங்கையும்' ஒன்றாகத் தங்கி, கணவன் மனைவி போலவே பழகுவதைத் திரையில் என்ன செய்ய முடியும்? கள்ளக்காதலை மறைக்கப் போய் அதைவிடப் பெரிய விவகாரத்தை உண்டாக்கிவிட்டார்கள்.

அப்புறம் ஸ்பெயினில் பிறந்த இயக்குநர் லூயிஸ் புனுவெல். உள்நாட்டுப் போருக்குப் பின் நாட்டுக்கு வெளியே வாழ்ந்து, மெக்சிகோ குடிமகனாகிவிட்ட அவரை ஸ்பெயினில் படமெடுக்க அனுமதித்தார்கள். தாராளமாகிவிட்டோம் என்று உலகத்துக்குக் காட்டும் ஆசை. அவர் எடுத்தது 'விரிதியானா'. கன்னியாஸ்திரி ஆகவிருந்த ஒரு பெண், மாமாவின் சாவுக்குப் பிறகு பிச்சைக்காரர்களுக்கு வீட்டைத் திறந்துவிடுகிறாள். வீட்டார் வெளியே போன சமயம் அவர்கள் விருந்து வைத்துக் குடிக்கிறார்கள். 'போட்டோ எடுக்கிறேன்' என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் மேசையின் ஒரே பக்கமாக வரிசையாக அசையாமல் இருக்கிறார்கள். டா வின்சியின் 'கடைசி இராவுணவு' ஓவியம் அப்படியே! நடுவில், இயேசுவின் இடத்தில், ஒரு குருட்டுப் பிச்சைக்காரன். அவளிடம் கேமரா ஏது? பாவாடையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சிரிக்கிறாள்.

இந்தக் கூத்துக்கு நடுவே சென்சாரின் கண்ணை உறுத்தியது கடைசிக் காட்சி. விரிதியானா இரவில் உறவுக்காரனின் அறைக்குள் போக, கதவு சாத்திக்கொள்வதாக ஸ்கிரிப்டில் இருந்தது. மாற்றச் சொன்னார்கள். புனுவெல் மாற்றினார்: அவள் உள்ளே போகிறாள், அங்கே வேலைக்காரியும் இருக்கிறாள், மூன்று பேரும் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். எழுத்தில் படித்தால் எவ்வளவு சாது! திரையில் பார்த்தால், இருவர் விவகாரம் மூவர் விவகாரமாகிவிட்டது.

1961இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் அதற்குத் தங்கப்பனை என்ற முதல் பரிசு, இன்னொரு படத்தோடு பகிர்ந்து. ஸ்பெயின் அரசின் திரைப்படத் துறைத் தலைமை இயக்குநரே மேடையேறிப் பரிசை வாங்கினார். வத்திக்கானின் நாளிதழ் படத்தைத் தாளித்து எடுத்தது. பரிசு வாங்கிய அந்த அதிகாரியின் பதவி போனது. ஸ்பெயின் தியேட்டர்களுக்குப் படம் வந்தது 1977இல்தான்.

இதையெல்லாம் கேட்டால், 'சென்சார் இருந்ததால்தான் நல்ல படங்கள் வந்தன' என்று சொல்லத் தோன்றும். விமர்சகர்கள் பலரும் சொல்வதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பானிய இயக்குநர் பெர்லாங்காவின் 'எல் வெர்துகோ'வை, அதாவது 'மரண தண்டனை நிறைவேற்றுபவன்' படத்தைப் பாருங்கள், 1963. அரசு வீடு கிடைக்கும் என்பதற்காக மாமனாரின் மரண தண்டனை நிறைவேற்றும் வேலையை, அதாவது கழுத்தை இரும்பால் நெரித்துக் கொல்லும் வேலையை, ஓர் அப்பாவி ஏற்கிறான். வேலையின் முதல் நாளில், சாகப்போகிறவன் தன் காலால் நடந்து போகிறான். கொல்லப்போகிறவனைத்தான் காவலர்கள் தாங்கிப் பிடித்து இழுத்துப் போகிறார்கள். இதை எந்தத் தணிக்கை அதிகாரி சொல்லிக்கொடுத்தார்? அது பெர்லாங்காவின் மூளை. தடையில்லாத நாட்டிலும் அது வேலை செய்திருக்கும்.

தப்பி வந்த படங்களைத்தான் நாம் கொண்டாடுகிறோம். எழுதும்போதே 'இது தேறாது' என்று கிழித்துப் போட்ட கதைகளுக்குக் கணக்கு ஏது? புனுவெல் தன் வாழ்நாளில் அதிகமான படங்களை எடுத்தது மெக்சிகோவில், சொந்த நாட்டில் இல்லை. அதையும் சென்சாரின் சாதனையில் சேர்ப்பதா?

பிராங்கோ 1975இல் இறந்தார். 1977 நவம்பரில் சினிமா தணிக்கை சட்டப்படி ஒழிந்தது. டப்பிங் கட்டாயம் அதற்கு வெகு முன்பே, நாற்பதுகளிலேயே போய்விட்டது. ஆனால் ஜனங்களுக்குப் பழகிவிட்டது. இன்றைக்கும் அங்கே ஹாலிவுட் நடிகர்கள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில்தான் பேசுகிறார்கள். அவர்களுடைய சொந்தக் குரலைக் கேட்க வேண்டுமானால் அதற்கென்று தனிக் காட்சி எங்கே ஓடுகிறது என்று தேடிப் போக வேண்டும்.